டாக்டரம்மாவின் நேரம்

நேரஞ்சொல்லி வந்த பிறகு நெடுங்கரை அரசு மருத்துவமனையில் சாவு குறைந்தது. அதை எஸ்தர் மறுக்கவில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்தது வேறொரு விஷயத்தில். அவள் டூட்டியில் இருக்கும்போது நோயாளிகள் வருவதே இல்லை.

காகிதத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு 'அனுமதி வழிகாட்டி' என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நேரஞ்சொல்லிதான். உடம்புக்கு முடியாதவர்கள் போனில் அதைக் கூப்பிடுவார்கள். கிராமத்து நர்ஸ் விரலில் கிளிப்பை மாட்டி மூச்சு, நாடி எல்லாம் அளந்து கொடுப்பாள். மறுமுனையில் அது, ஓர் அக்கா பேசுகிற மாதிரி குரலில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, எப்போது வந்து சேர வேண்டும் என்று சொல்லும். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே வரச் சொல்லிவிடும். மற்றவர்களுக்கு மாலை, நாளைக் காலை என்று ஒரு நேரம். அந்த நேரத்துக்குப் போனால் கட்டில் இருக்கும், ஆக்சிஜன் இருக்கும், மருந்து எடுத்து வைத்திருக்கும்.

அதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி இருந்த கோலம் எஸ்தருக்கு நன்றாகவே தெரியும். திங்கட்கிழமை காலையில் மொத்தத் தாலுகாவும் ஒன்றாக வந்து இறங்கும். ஒரு கட்டிலில் இரண்டு பேர், வராந்தாவில் பாய். யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்வதற்குள் யாராவது போய்விடுவார்கள். அதனால் கம்ப்யூட்டர் வந்தபோது அதிகமாகச் சந்தோஷப்பட்டவளே அவள்தான். பேட்டி எடுக்க வந்த டிவிக்காரர்களிடம்கூட நல்லபடியாகத்தான் சொன்னாள்.

அங்கே இரண்டே டாக்டர்கள். எஸ்தர் நவமணி காலை முறை, தில்லைநாயகம் மாலை முறை. அவர் அவளைவிடப் பத்து வயது இளையவர், அதிகம் பேசாதவர். அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு எஸ்தரின் காலைகள் வெறிச்சோட ஆரம்பித்தன. வழக்கமான சர்க்கரை, பிரஷர்காரர்கள் சீட்டோடு வருவார்கள், மாத்திரை வாங்கிப் போவார்கள். சேர்க்கை என்று ஒருவரும் வருவதில்லை. அவள் கிளம்பும் நேரத்தில்தான் ஆட்டோக்கள் வரிசையாக உள்ளே நுழையும்.

"நமக்கு நல்லதுதானே மேடம்" என்றாள் ஹெட் நர்ஸ் ஷாகிதா. "இத்தனை வருஷம் ஓடி ஓடிப் பாத்தீங்க. கொஞ்ச நாள் உக்காருங்க."

எஸ்தரால் உட்கார முடியவில்லை. யாரோ இதைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று தோன்றியது. தில்லைநாயகத்தின் மச்சான் பஸ் ஸ்டாண்டு பக்கம் நர்சிங் ஹோம் நடத்துகிறார். காலையில் வரவேண்டியவர்களை அங்கே திருப்புகிறார்களோ என்று சாடைமாடையாக விசாரித்தாள். அங்கேயும் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தில்லைநாயகமோ, சாயந்தரம் ஆனால் மூச்சு விட முடியவில்லை என்று அவளிடமே வந்து குறைப்பட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் இருளப்பன் வந்தார்.

அன்று அவள் டூட்டி முடித்து ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். கேட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி ஓர் ஆட்டோ. உள்ளே உப்பளத்துக்காரர் ஒருவர் சாய்ந்து கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி முத்துராக்கு துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். உதட்டின் நிறத்தைப் பார்த்ததும் எஸ்தர் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"எப்ப வந்தீங்க?"

"காலையிலேயே வந்துட்டோம் டாக்டரம்மா. காய்ச்சலும் இளைப்பும். அவசரமில்ல, ரெண்டு மணிக்கு வாங்கன்னு நேரஞ்சொல்லி சொல்லிருச்சு. முன்னாடி போனா டோக்கன் வராது, திருப்பி அனுப்பிருவாகன்னு இங்கனயே உக்காந்துட்டோம். இப்பத்தான் பேச்சுக் கொறஞ்சு போச்சு."

எஸ்தரும் ஆட்டோக்காரரும் வாட்ச்மேனும் சேர்ந்து தூக்கினார்கள். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, நெஞ்சை அழுத்தி எல்லாம் பார்த்தும் அவர் பிழைக்கவில்லை. நிமோனியா முற்றிப்போயிருந்தது. காலையில் வந்திருந்தால் ஒரு மருந்தில் நின்றிருக்கும்.

முத்துராக்கு உடனே அழவில்லை. வார்டைச் சுற்றிப் பார்த்தாள். போர்வை மடித்து வைத்த கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன.

"காலையில இருந்து இம்புட்டும் சும்மாதான் கெடந்துச்சா?" என்று கேட்டாள்.

எஸ்தர் ஆக்சிஜனை மூடினாள்.

மறுநாளே அவள் தில்லைநாயகத்தைப் பிடித்தாள். அந்த வாரம் முழுக்க முறையை மாற்றிக்கொள்ளலாம், அவர் காலை, தான் மாலை என்றாள். காரணம் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் மாற்றத்தைப் பதிந்த மறுநாள் காலையிலேயே வார்டு நிரம்பி வழிந்தது. மாலையில் அவள் வருகைப் பெட்டியில் விரல் வைத்து உள்ளே வந்த பிறகு வாசலில் ஓர் ஆட்டோகூட நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்க அதே கதை. ஆக, நேரத்தில் எதுவும் இல்லை. அது அவளைத்தான் தவிர்க்கிறது.

ஊருக்கும் இது தெரிந்துபோனது. சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் தாழ்வாகச் சொன்னது: "அந்தம்மாவுக்குக் கைராசி இல்லையாம். அது இருக்கிற நேரத்துக்கு மெஷினே அனுப்ப மாட்டேங்குது." எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. மீன்காரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அவசர அவசரமாகச் செதில் சீவினாள்.

கம்ப்யூட்டரைப் பராமரிக்கிற குருபரன் மாவட்டத் தலைநகரில் இருந்தான். முப்பது வயதுக்காரன். எஸ்தர் நேரே போய் அவன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"யார் சொல்லி என் டூட்டியில ஆளை நிறுத்துறீங்க?"

அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. எப்போதாவது இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தவன் போல் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"யாரும் சொல்லல மேடம். அதுக்கு நாங்க சொல்லிக் கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். பழைய கேஸ் எல்லாத்தையும் பாரு, எப்படி எப்படிச் சேர்ந்தவங்க உயிரோட வெளிய போனாங்கன்னு கத்துக்கோ, அதே மாதிரி நேரம் கொடு. அவ்வளவுதான். கட்டில் எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, டூட்டியில யாருன்னு எல்லாத்தையும் அது பாக்கும். நீங்க விரல் வச்சதும் நீங்க வந்திருக்கீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிரும்."

"அதனால?"

"அதனால..." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டூட்டியில சேர்ந்தவங்க தில்லைநாயகம் சார்கிட்ட சேர்ந்தவங்களைவிட அதிகமாச் செத்திருக்காங்க. கொஞ்சம் இல்ல. ரெண்டு மடங்கு."

எஸ்தர் எழுந்து நின்றுவிட்டாள்.

"அது உங்களைக் கெட்டவங்கன்னு சொல்லல மேடம். அதுக்கு நல்லது கெட்டதெல்லாம் தெரியாது. அந்த நேரத்துல சேர்த்தா சாவு அதிகம், தள்ளிப் போட்டா குறையும். அதுக்குத் தெரிஞ்சது அது மட்டும்தான்."

"இருளப்பன்? அவரைத் தள்ளிப் போட்டுத்தானே கொன்னுச்சு?"

குருபரன் தயங்கினான். "அவரை உள்ள தூக்கிட்டு வந்தது நீங்கதானே. அந்தச் சாவும் உங்க பேர்லதான் ஏறியிருக்கு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எஸ்தர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். இருபது வருஷ சர்வீஸ். செத்தவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பிரசவத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால் ரத்தம் ஏற்றியிருக்கலாமோ? அந்தப் பையனுக்குக் கொடுத்த மருந்து கூடிப்போயிருக்குமோ? அதுவரை அவளுக்கு மற்றவர்கள் மேல்தான் சந்தேகம். இப்போது அது உள்ளே திரும்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஊசி மருந்தை எடுத்தால் இரண்டு தடவை பெயரைப் படித்தாள். அளவைத் தாளில் போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் ஷாகிதாவைக் கூப்பிட்டு, "நான் எழுதினது சரியான்னு ஒரு தடவை பாத்துடுங்க சிஸ்டர்" என்றாள். ஷாகிதா பார்த்தாள், தலையாட்டினாள். அடுத்த நாள் கேட்காமலே பார்த்தாள். எஸ்தருக்கு அது வலித்தது. தான் கேட்டதனால் பார்க்கிறாளா, அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டதா என்று தெரியவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

கடைசியில், தில்லைநாயகம் அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிட முடிவு செய்தாள். அவர் செய்வது தனக்குத் தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மருந்தறையில் ஸ்டாக் சரிபார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணி வெயிலில் ஒரு பெரியம்மாவைக் கொண்டுவந்தார்கள். மகன் பின்னாலேயே ஓடிவந்தான். நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல், உட்கார்ந்த மேனிக்கு மூச்சுக்குத் தவித்தார் அந்த அம்மா. எஸ்தருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நீர் இறங்க ஓர் ஊசி, முகத்தில் ஆக்சிஜன், அரைமணி நேரம் பக்கத்தில் நின்றால் அடங்கிவிடும். அடங்காமலும் போகலாம். ஆனால் முயன்று பார்க்கக்கூடிய கேஸ்தான்.

தில்லைநாயகம் ஸ்ட்ரெச்சருக்கு இரண்டடி தள்ளியே நின்றார். நாடியைப் பார்த்தார், சீட்டை எழுதினார். "இங்க வசதி இல்லப்பா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. ஆம்புலன்ஸ் தயாரா இருக்கு."

பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர இரண்டு மணி நேரம். எஸ்தர் ஓடிப்போய் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். "மேடம், நீங்க எதுக்கு?" என்று பின்னால் தில்லைநாயகம் கூப்பிட்டது கேட்டது. அவசரத்தில் அவள் ஊசியை எடுத்து வரவில்லை. வண்டியில் இருந்த சிலிண்டரில் பாதிகூட இல்லை. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று அசைந்து அசைந்து போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிவதற்குள் பெரியம்மா எஸ்தரின் தோளில் சாய்ந்து, அப்படியே அடங்கிப்போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் 'வரும்போதே உயிரில்லை' என்று எழுதினார்கள். அவர்கள் கணக்கில் அந்த அம்மா நோயாளியே இல்லை. நெடுங்கரையிலோ 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்' என்று பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டருக்கு அது உயிரோடு வெளியே போன ஒருவர். அந்தச் சாவு எங்கேயும் ஏறவில்லை. ரயில்வே கேட்டிலேயே நின்றுவிட்டது.

எஸ்தர் இத்தனை வருஷமும் யாரையும் அப்படி அனுப்பியதில்லை. "உள்ள கொண்டு வா" என்பதுதான் அவள் வாயில் முதலில் வரும். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவரையும் உள்ளே கொண்டுவரச் சொல்வாள். அவர்களில் பலர் அவள் கண்முன்னே செத்தார்கள். அத்தனையும் அவள் பேரில்.

அதே ஆம்புலன்ஸில் திரும்பி வந்ததும் தில்லைநாயகத்திடம் போனாள். கத்த வேண்டும் என்றுதான் போனாள். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. புருவத்துக்கு மேல் விழுந்த முடியை ஒதுக்கிக் காட்டினார். கோணலான ஒரு தழும்பு.

"முன்னாடி வேலை பார்த்த ஊர்ல வாங்கினது மேடம். இதே மாதிரி கேஸ்தான். நானும் உள்ள வச்சுத்தான் பார்த்தேன், செத்துப்போச்சு. சொந்தக்காரங்க சேரைத் தூக்கி அடிச்சாங்க. பக்கத்துல இருந்த நர்ஸ் பொண்ணுக்குக் கை உடைஞ்சுது. யாரும் வந்து கேக்கல." முடியை மறுபடி இறக்கிவிட்டார். "அனுப்புனா திட்டுவாங்க. அடிக்க மாட்டாங்க."

குருபரனிடம் எஸ்தர் போனிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்போ ரோட்டுல செத்தவங்களையும் சேர்த்துக் கத்துக்கொடுக்கணும்" என்றான் கடைசியில். "ஆம்புலன்ஸ் பதிவு, பெரிய ஆஸ்பத்திரிப் பதிவு ரெண்டையும் வாங்கி ஒட்டணும். முடியும். ஆனா மேடம், அப்புறம் அது என்ன கத்துக்கும்னு என்னால சொல்ல முடியாது. நாம கணக்கைத்தான் திருத்துறோம். முடிவை அதுதான் எடுக்கும்."

"உண்மையைக் கொடுங்க. அது போதும்" என்றாள் எஸ்தர்.

ஒரு மாதத்தில் அவள் காலைகள் நிரம்ப ஆரம்பித்தன. முதல் ஆட்டோ வந்தபோது ஷாகிதா வாசல்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மேடம், நம்ம நேரத்துக்கு அனுப்பியிருக்கு" என்று சிரித்தாள். மருந்துப் பெயரை அவள் சரிபார்ப்பது நின்றது. சந்தையில் அதே மீன்காரி நல்ல மீனாக எடுத்துக் கொடுத்து, "உங்க கைராசி எல்லாருக்கும் வருமா டாக்டரம்மா" என்றாள். எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. அதோடு ஒரு நெருடலும். இந்தக் கையைத்தானே அன்றைக்கும் பார்த்தாய்?

கூட்டம் கூடிக்கொண்டே போனது. அவள் இரண்டு முறையும் சேர்த்துப் பார்க்கிற நாட்கள் வந்தன. அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று தூத்துக்குடியிலிருந்து போன் வந்தபோது, போய்த்தான் தீருவேன் என்று ஒரு நாள் லீவ் பதிந்தாள்.

காலை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை, கையில் பழத்தட்டு. முன் சீட்டில் ஓர் இளம் பெண் மடியில் குழந்தையோடு இருந்தாள். குழந்தையின் மூச்சு எஸ்தருக்கு இங்கேயே கேட்டது. விசில் ஊதுவது போல ஒரு சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"எங்கம்மா போறே?"

"அம்மா வீட்டுக்கு. ராவுலருந்து இளைப்பு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருக்கு. அதுவரைக்கும் அம்மாகிட்ட இருக்கலாம்னு."

"நாளைக்கா? ஆஸ்பத்திரி இன்னைக்கும் தொறந்துதானே இருக்கு?"

"தொறந்திருக்கும். ஆனா நாளைக்குத்தான் அந்த டாக்டரம்மா வருவாங்களாம்" என்றாள் அந்தப் பெண், எதிரே இருப்பது யார் என்று தெரியாமல். "நேரஞ்சொல்லி எங்க ஊருல எல்லாருக்குமே நாளைக்குத்தான் சொல்லியிருக்கு."

பழத்தட்டு சீட்டிலேயே கிடந்தது. எஸ்தர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அந்தப் பெண்ணும் பின்னாலேயே இறங்க, எதிரே வந்த ஆட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டில்கள் காலி. அவளுக்குப் பதில் தில்லைநாயகம் டூட்டியில் உட்கார்ந்திருந்தார். பட்டுச்சேலையில் குழந்தையோடு ஓடிவருகிறவளைப் பார்த்து எழுந்தார். வழக்கம்போல இரண்டடி தள்ளி நின்றார்.

"ரெஃபர் பண்ணவா மேடம்?"

"வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம். நீங்க பிடிங்க, நான் மருந்துப் புகை வைக்கிறேன்."

அவர் அந்த இரண்டடியைக் கடந்து வந்தார். குழந்தையைப் பிடித்துக்கொண்டார். ஆக்சிஜனைத் திறந்தார், ஊசி அளவைச் சொன்னார், அவரே போட்டார். மருந்து உள்ளே போகப் போக விசில் சத்தம் தணிந்தது. குழந்தை வீறிட்டு அழுதபோது தில்லைநாயகம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எஸ்தர் வாசல் பக்கம் போனாள். சுவரில் விரல் வைக்கிற பெட்டி பச்சையாக மின்னியது.

"மேடம், வைக்காதீங்க" என்றார் தில்லைநாயகம் பின்னாலிருந்து. "நீங்க இன்னைக்கு லீவ்."

"ஏன்?"

"மூணு வாரமா என் டூட்டியில யாருமே வரல. முன்னாடி உங்களுக்கு வந்த சந்தேகம் இப்போ எனக்கு. நேத்து குருபரனைக் கேட்டேன்." அவர் குரல் இறங்கியது. "உங்களுக்காக அது ஆளுங்களை நிறுத்தி வச்சிருக்கு மேடம். நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சா அத்தனை பேரையும் உடனே வரச் சொல்லிரும். நம்ம ரெண்டு பேரால தாங்க முடியாது."

"எத்தனை பேர்?"

"அவன் சொல்லல. நானும் கேக்கல."

எஸ்தர் விரலை வைத்தாள்.

பெட்டி நன்றி சொன்னது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. பிறகு வெளியே எங்கோ ஒரு போன் அடித்தது. அடுத்து இன்னொன்று. டீக்கடைப் பக்கமிருந்தும் கோயில் மண்டபத்துப் பக்கமிருந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தன. ஆட்டோக்கள் முறுக்கிக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கிட்டத்தில் இருக்கிற கிராமத்திலிருந்து வந்தால்கூட அரைமணி ஆகும். இவர்கள் முன்பே வந்து காத்துக்கிடந்தவர்கள்.

தில்லைநாயகம் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்" என்றார். ஷாகிதா ஒவ்வொரு கட்டிலாகப் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டே போனாள்.

முதல் ஆட்டோ கேட்டுக்குள் திரும்பியது. அதன் பின்னால் இன்னும் பல. எஸ்தர் படியிறங்கிப் போய், ஒவ்வொன்றுக்குள்ளும் குனிந்து, உட்கார்ந்திருப்பது யார், படுத்திருப்பது யார் என்று பார்க்க ஆரம்பித்தாள்.